பக்கத்து ஊர்ச் செய்தியை யார் சொல்வார்கள்? வாசகர் கேள்வி பதில்

போன இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதியிருந்தேன். புயல் ராத்திரி, கரண்ட் இல்லை, செல்போனில் சிக்னல் இல்லை, எங்கள் தெருவில் வெளியுலகத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது எதிர்வீட்டுத் தாத்தாவின் பேட்டரி ரேடியோ ஒன்றுதான், பத்துப் பதினைந்து பேர் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட்டோம் என்று. அவ்வளவுதான் எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் ரேடியோவைப் பற்றிச் சொல்ல எல்லோரிடமும் ஏதோ இருக்கிறது, நிறையப் பேருக்குக் கோபமும் இருக்கிறது. அதனால் இந்த முறை மற்றக் கேள்விகளைத் தள்ளிவைத்துவிட்டு, உள்ளூர் வானொலி பற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ரேடியோவை இன்னும் யார் சார் கேட்கிறார்கள்? முடிந்துபோன ஒன்றுக்கு ஏன் இத்தனை பாசம்?
(வாசகர், கும்பகோணம்)

கும்பகோணத்திலிருந்து கேட்கிறீர்கள், அதனால் உங்கள் பக்கத்துக் கதையையே சொல்கிறேன். 1960களில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்றொரு ரகத்தைக் கொண்டுவந்தது. ஜப்பான் நெல்லையும் நம்மூர் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டுச் சேர்த்து எடுத்த ரகம், நூற்றைந்து நாளில் அறுவடைக்கு வந்துவிடும், குறுவைக்குத் தோதானது. ஆனால் புது விதையை நம்பி, இருக்கிற இரண்டு மா நிலத்தில் இறங்க எந்த விவசாயிக்கும் பயமாகத்தானே இருக்கும்? அந்த நேரத்தில்தான் திருச்சி வானொலி விவசாயிகளுக்கென்று தனியாக ஒரு பண்ணை இல்லப் பிரிவைத் தொடங்கி, நாற்றுவிடுவது, உரம் வைப்பது, பூச்சி பார்ப்பது என்று அந்தந்தக் கட்டத்தில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தது. தஞ்சை விவசாயிகள் அந்த நெல்லுக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'ரேடியோ நெல்'. கடையில் போய் ரேடியோ நெல் விதை இருக்கிறதா என்று கேட்டார்கள்.

எனக்கு இந்தக் கதையில் பிடித்தது என்னவென்றால், டெல்லியிலிருந்து ஒரு குரல் இதைச் சொல்லியிருக்கவே முடியாது. மேட்டூர் எப்போது திறக்கும், கடைமடைக்குத் தண்ணீர் வர எத்தனை நாள் ஆகும், இந்த வருஷம் குறுவையா நேரே சம்பாவா, இதெல்லாம் திருச்சியில் உட்கார்ந்திருப்பவருக்குத்தான் தெரியும். அவர் பேசினால் நம் சித்தப்பா பேசுவதுபோல இருக்கும், அந்த நம்பிக்கையில்தான் விதை மண்ணுக்குள் போனது.

இப்போது யார் கேட்கிறார்கள் என்றால், நீங்கள் ஒரு நாள் காலையில் உங்கள் தெருவிலேயே நடந்து பாருங்கள். தையல் கடை, இஸ்திரி வண்டி, டீக்கடை, மாவு மில், பால் கறக்கும் இடம், டவுன் பஸ் டிரைவர் சீட்டுப் பக்கம். கையும் கண்ணும் வேலையில் இருப்பவர்களுக்கு மிச்சம் இருப்பது காது மட்டும்தான். கண் தெரியாத நண்பர் ஒருவர் எனக்கு உண்டு, அவருக்கு ரேடியோ என்றால் என்னவென்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

காலையில் நிலையம் தொடங்கும்போது வருமே ஒரு வயலின் இசை, அதைப் போட்டது யார்? சின்ன வயதிலிருந்து கேட்கிறேன்.
(வாசகி, தேனி)

வால்டர் காஃப்மன் என்று சொல்கிறார்கள். ஐரோப்பாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், அங்கே நிலைமை கெட்டுக்கொண்டிருந்த 1930களில் பம்பாய்க்கு வந்து சேர்ந்தார், பம்பாய் வானொலி நிலையத்தில் மேற்கத்திய இசைப் பிரிவைப் பார்த்துக்கொண்டார். வயலினுக்குக் கீழே ஒரு தம்பூரா ஓடிக்கொண்டே இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? மெட்டில் சிவரஞ்சனி ராகத்தின் சாயல் இருக்கும். ஊரைவிட்டு ஓடிவந்த ஒரு மனிதர் போட்ட மெட்டு, இத்தனை வருஷமாக இந்த நாட்டில் பொழுதைப் புலரவைக்கிறது. நம் ஊர் நிலையங்களில் அது முடிந்ததும் நாதஸ்வரத்தில் மங்கள இசை வரும். அந்த இரண்டும் அடுத்தடுத்து வருவதைக் கேட்டு எழுந்த தலைமுறை என்னுடையது.

தனியார் எஃப்.எம்.களில் நாள் முழுக்கப் பாட்டும் அரட்டையும்தானா? எங்கள் ஊர்ப் பிரச்சினையைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாதா?
(வாசகர், நாகப்பட்டினம்)

இதே கேள்வி பதினோரு கடிதங்களில் வந்திருக்கிறது. முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும், அந்தத் தொகுப்பாளர்கள்மேல் மட்டும் கோபப்படாதீர்கள். அவர்களுக்குச் செய்தி சொல்ல அனுமதியே இல்லை.

1995-ல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது, கிரிக்கெட் ஒளிபரப்பு பற்றிய வழக்கு அது. அலைவரிசைகள் பொதுச் சொத்து, அவற்றின்மேல் அரசுக்கு மட்டும் ஏகபோக உரிமை கிடையாது என்று அதில் தெளிவாகவே சொல்லப்பட்டது. அதற்குப் பிறகு டி.வி.யில் எத்தனை செய்திச் சேனல்கள் வந்துவிட்டன என்று உங்களுக்கே தெரியும். பத்திரிகை யார் வேண்டுமானாலும் நடத்தலாம். செல்போனில் யார் வேண்டுமானாலும் மைக்கை நீட்டிச் செய்தி சொல்லலாம். ரேடியோ ஒன்றில் மட்டும், தனியார் நிலையமோ சமுதாய வானொலியோ சொந்தமாகச் செய்தி சேகரித்துச் சொல்லக்கூடாது. 2019-ல் வந்த சலுகை என்னவென்றால், ஆகாசவாணியின் செய்தியறிக்கையை ஒரு எழுத்து மாற்றாமல் அப்படியே எடுத்து ஒலிபரப்பிக்கொள்ளலாம். இத்தனை நிலையங்களையும் கண்காணிக்க முடியாது என்பதுதான் தடைக்குச் சொல்லப்படும் காரணம். செல்போனில் கோடிக்கணக்கான பேர் பேசிக்கொண்டிருக்கிற நாட்டில், லைசென்ஸ் வாங்கி, விலாசம் கொடுத்து, ஒலிபரப்பியதைப் பதிவுசெய்து வைத்திருக்கும் ஒரு நிலையத்தைக் கண்காணிக்க முடியாது என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 2023 செப்டம்பரில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமே, தனியார் எஃப்.எம்.கள் மணிக்குப் பத்து நிமிடம் செய்தியும் நடப்பு விவகாரமும் தரலாம் என்று பரிந்துரைத்தது. மணிக்குப் பத்து நிமிடம் ஒன்றும் பெரிய ஆசையில்லை.

அப்புறம் இன்னொன்று. விதிகளிலேயே 'இவை செய்தி ஆகாது' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. போக்குவரத்து, வானிலை, உள்ளூர்த் திருவிழா, கலை நிகழ்ச்சி, பரீட்சை முடிவு, கல்லூரிச் சேர்க்கை, வேலைவாய்ப்பு, தண்ணீர், மின்சாரம், இயற்கைப் பேரிடர் அறிவிப்பு, இதையெல்லாம் எஃப்.எம். நிலையங்கள் தாராளமாகச் சொல்லலாம். இந்தப் பட்டியலை முழுசாகப் பயன்படுத்தினாலே நாகப்பட்டினத்துக்கு ஒரு நாளைக்கு ஒரு மணி நேர நிகழ்ச்சி கிடைக்கும். அதைச் செய்யாமல் சென்னையிலிருந்தோ வேறெங்கிருந்தோ ஒரே நிகழ்ச்சியை எல்லா ஊருக்கும் அனுப்பினால், அங்கே தடையைக் காரணம் சொல்ல முடியாது. அந்தக் கோபம் நியாயமானது.

அரசு வானொலிக்குத் தடை இல்லையே, அவர்கள் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்கிறார்கள், போதவில்லை. மாநிலச் செய்தியில் நம் மாவட்டம் வர வேண்டுமென்றால் வெள்ளம் வர வேண்டும், இல்லை அமைச்சர் வர வேண்டும் என்ற நிலைதான் பல நாள். கிராமசபையில் என்ன பேசினார்கள், தூர்வாரிய வாய்க்காலில் தண்ணீர் ஓடுகிறதா, இந்தப் பக்கமெல்லாம் மைக் போவதே அபூர்வம். ஒரு முறை எங்கள் ஊர்ப் பெயரையே ஒரு நிலையத்தில் தப்பாக உச்சரித்தார்கள். அன்று எங்கள் டீக்கடையில் நான்கு பேர் ஒரே நேரத்தில் திருத்தினார்கள். உள்ளூர்க்காரர் வாசித்திருந்தால் அது நடந்திருக்காது.

சமுதாய வானொலி என்றால் என்ன? எங்கள் பக்கத்தில் ஒன்று இருக்கிறதே, அது அரசுடையதா?
(வாசகி, இராமநாதபுரம்)

நீங்கள் பாம்பனில் இருந்து வரும் 'கடல் ஓசை' 90.4-ஐச் சொல்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அரசு நிலையம் கிடையாது. 2016-லிருந்து மீனவர்களுக்காக நடக்கும் சமுதாய வானொலி அது.

இந்த வகை நிலையங்களுக்கு நூறு வாட் சக்தி, முப்பது மீட்டர் உயரக் கம்பம் என்று எல்லை உண்டு, அதனால் பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவுக்குத்தான் நன்றாகக் கேட்கும். நிகழ்ச்சியில் பாதியாவது அந்த ஊர் மக்களின் பங்களிப்போடு உருவாக வேண்டும் என்பது விதி. முதலில் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்கள், 2004-ல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய நிலையம்தான் நாட்டிலேயே முதலாவது. 2006-லிருந்து தொண்டு நிறுவனங்களும் நடத்தலாம் என்று ஆனது.

குறைந்த தூரம் என்பதை நான் குறையாகவே நினைக்கவில்லை. கடலோர ஊர்களில் காற்றுக்கு வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று பெயர். பொது வானிலை அறிக்கை 'தென்மேற்குத் திசையிலிருந்து மணிக்கு இத்தனை கிலோமீட்டர் வேகத்தில்' என்று சொல்லும். அதையே, இன்றைக்கு இந்தக் காற்று இப்படி, அலை இத்தனை உயரம், நாட்டுப்படகு வைத்திருப்பவர்கள் கவனமாக இருங்கள் என்று அந்த ஊர் வார்த்தையில் அந்த ஊர்ப் பெண்ணோ பையனோ சொன்னால் வலையைத் தூக்கியவர் நின்று கேட்பார். ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையம் அலை உயரம், காற்று வேகமெல்லாம் கணித்துத் தருகிறது. அது படகுத்துறைவரை வந்துசேர வேண்டுமே, அந்தக் கடைசிப் பத்துக் கிலோமீட்டருக்குத்தான் இந்த நூறு வாட். ஏப்ரல் 15-லிருந்து 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது என்ன பேசலாம், எந்த நிவாரணத்துக்கு எந்த ஆவணம் வேண்டும், வலை பின்னும் பாட்டிகள் என்ன பாடுகிறார்கள், விஷயத்துக்கா பஞ்சம்?

ரேடியோவில் அறிவியல் நிகழ்ச்சி என்றாலே பாடப் புத்தகத்தை வாசிப்பதுபோல் இருக்கிறது. என் மாணவர்கள் இரண்டு நிமிடம்கூட உட்கார மாட்டேன் என்கிறார்கள். ரேடியோவுக்கும் அறிவியலுக்கும் ஒத்துவராதா?
(ஆசிரியை, கரூர்)

டீச்சர், உங்கள் ஊரில் நடந்த ஒரு விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். 2019 டிசம்பர் 26, காலை ஒன்பதரை மணி வாக்கில் வளைய சூரிய கிரகணம். கோயம்புத்தூர், ஈரோடு, கரூர், திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை என்று நம் ஊர்களுக்கு மேலேயே அதன் பாதை போனது. சில நிமிடம் சூரியன் தங்க வளையல் மாதிரி இருந்தது. எத்தனை வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார்கள்!

அன்றைக்கு ஒரு உள்ளூர் நிலையம் என்ன செய்திருக்கலாம் என்று யோசித்துப் பார்க்கிறேன். கரூரில் ஒரு வேப்பமரத்தடியில் மைக்கோடு ஒருவர் நிற்க வேண்டும். இலை இடுக்கு ஒவ்வொன்றும் ஊசித்துளை கேமராவாக மாறி, தரையெல்லாம் குட்டிக் குட்டிப் பிறைகள் விழும், அப்புறம் அந்தப் பிறைகள் மூடிக்கொண்டு வளையங்களாகும். பக்கத்தில் நிற்கும் ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளை "அய்யோ, அக்கா, கீழ பாருங்க" என்று கத்துவது அப்படியே காற்றில் போக வேண்டும். ஒளி நேர்கோட்டில் போகிறது என்ற பாடத்தை அதைவிட எப்படிச் சொல்வது? வெறுங்கண்ணால் சூரியனைப் பார்க்காதே என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிடலாம். சாப்பிடலாமா கூடாதா என்று பாட்டி போன் செய்து கேட்பார், அதற்கும் மரியாதையாகப் பதில் சொல்லலாம். படமே இல்லாமல் கிரகணத்தைக் காட்ட முடியும் என்று நான் முழுசாக நம்புகிறேன்.

அறிவியல் நிகழ்ச்சி சலிப்பாக இருப்பதற்கு அறிவியல் காரணமில்லை. விஷயம் தெரிந்தவரைக் கூப்பிட்டுப் பத்து நிமிடத்துக்கு எழுதிவரச் சொல்கிறோம், அவர் கட்டுரை எழுதிவந்து வாசிக்கிறார். 'ஆகையினால்', 'மேற்கூறிய' என்ற சொற்கள் காதில் நிற்பதே இல்லை, மேலே எங்கே போய்ப் பார்ப்பது? அவரிடம் கேள்வி கேட்க ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஆசை இருக்க வேண்டும். கேள்வியும் ஊரிலிருந்து வர வேண்டும். எங்கள் போர்வெல் தண்ணீர் ஏன் உப்புக் கரிக்கிறது, பக்கத்துத் தெருவில் கரிக்கவில்லையே? இடி இடிக்கும்போது மரத்தடியில் நின்ற மாடு செத்தது ஏன்? சாயத் தண்ணீர் கலந்த ஆறு பழையபடி ஆக எத்தனை காலம் ஆகும்? கரூரில் இந்தக் கடைசிக் கேள்வி அறிவியலும்தான், நடப்பு விவகாரமும்தான்.

ஒன்று செய்யுங்களேன். உங்கள் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு கேள்வி எழுதி வாங்கி, பக்கத்தில் உள்ள வானொலி நிலையத்தின் நிகழ்ச்சிப் பிரிவுக்கு ஒரே கட்டாக அனுப்புங்கள். நாற்பது கேள்வி ஒரு பள்ளியிலிருந்து வந்தால் யாரும் தூக்கிப்போட மாட்டார்கள்.

கோடை எஃப்.எம். பல மாவட்டத்தில் தெளிவாகக் கேட்கிறது. திருச்சி மீடியம் வேவ் வீட்டுக்குள் கரகரவென்கிறது. ராத்திரியானால் எங்கெங்கோ உள்ள நிலையமெல்லாம் வருகிறது. ஏன்?
(வாசகர், திண்டுக்கல்)

எஃப்.எம். அலை ஏறக்குறையப் பார்வை போகும் தூரம்தான் போகும். அதனால் கம்பம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு லாபம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் இருக்கிறது, அங்கிருந்து 100.5-ல் பேசினால் நடுவில் மலை மறைக்காத பக்கமெல்லாம் நூற்றைம்பது கிலோமீட்டர் தாண்டியும் போகும். உயரம் தந்த வரம் அது.

மீடியம் வேவ் வேறு மாதிரி. பகலில் தரையை ஒட்டியே போகும், திருச்சி 936 அப்படித்தான் டெல்டா முழுக்கப் போய்ச் சேருகிறது. பகலில் வானத்தின் மேலடுக்கில் ஒரு படலம் மேலே போகும் அலையைக் குடித்துவிடுகிறது. பொழுது சாய்ந்ததும் அந்தப் படலம் கலைந்துவிடும், அலை இன்னும் மேலே போய் மோதித் திரும்பிக் கீழே வரும், அதனால்தான் ராத்திரியில் தூரத்து ஊர்கள். கரகரப்புக்குக் காரணம் பெரும்பாலும் உங்கள் வீட்டிலேயே இருக்கும். எல்.இ.டி. பல்பு, செல்போன் சார்ஜர், இன்வெர்ட்டர், ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள், குற்றவாளி தெரிந்துவிடும். பெட்டியை ஜன்னலோரம் வைத்து மெதுவாகத் திருப்புங்கள், உள்ளே இருக்கும் கருப்புக் கம்பி நிலையத்துக்கு வாகாகத் திரும்பும்போது குரல் தெளியும். போனில் எஃப்.எம். கேட்பவர்கள் ஒயர் வைத்த இயர்போனைச் செருக வேண்டும், அந்த ஒயர்தான் ஏரியல்.

நாதஸ்வரக் குடும்பம் எங்களுடையது. வானொலி எங்களை வாழவைத்தது என்று தாத்தா சொல்வார், ஒதுக்கியது என்று பெரியப்பா சொல்வார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
(வாசகர், மயிலாடுதுறை)

இரண்டு பேரும் சொல்வது உண்மைதான், அவரவர் பார்த்ததைச் சொல்கிறார்கள்.

1938-ல் சென்னை, 1939-ல் திருச்சி என்று நிலையங்கள் வந்தபோது, கச்சேரியைக் கேட்கச் சபாவுக்கோ கல்யாண வீட்டுக்கோ கோயிலுக்கோ போக வேண்டும் என்ற நிலை மாறியது. கோயில் வாசலுக்குள் விடப்படாதவர்களும் வீட்டில் இருந்தபடி நல்ல சங்கீதம் கேட்டார்கள், இது சாதாரண மாற்றம் இல்லை. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையன்று பஞ்சரத்தினம் பாடுவதை இன்றும் ரேடியோவில் நேரடியாகக் கேட்டு வீட்டுக்குள்ளேயே கூடச் சேர்ந்து பாடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாதாமாதம் ஒரு கச்சேரி, கையில் ஒரு காசோலை என்று சின்ன ஊர்க் கலைஞர்களுக்கு நிலையங்கள் கொடுத்த ஆதரவு உங்கள் தாத்தா காலத்தில் பெரிய விஷயம்.

ஆனால் பி, பி-ஹை, ஏ, டாப் என்று கலைஞர்களைத் தரம் பிரித்த முறை ஒன்று வந்தது. தேர்வு வைத்து, பாடுவது யாரென்று தெரியாமல் கேட்டு மதிப்பெண் போடுவது நியாயத்துக்காகத்தான். அதில் ஸ்டூடியோவுக்குத் தோதான கலை மேலே போனது. தெருவிலும் கோயில் நான்கு மாடவீதியிலும் மணிக்கணக்கில் வாசித்து வளர்ந்த கலை, பத்து நிமிடக் கணக்குக்குள் வந்து உட்கார வேண்டியிருந்தது. நாதஸ்வரம் மங்கள இசையாகக் காலையில் சில நிமிடம், பறையும் நையாண்டி மேளமும் தெருக்கூத்தும் 'கிராமியக் கலை' என்ற ஒரு சின்னப் பெட்டிக்குள். இதைப் பெரியப்பா ஒதுக்கல் என்று சொன்னால் மறுக்க எனக்கு மனசு வரவில்லை.

ஆர்மோனியத்தின் கதை இன்னும் வேதனை. 1940-ல் அதை அகில இந்திய வானொலி தடைசெய்தது, சுரத்தை அசைத்து வளைக்கும் கமகம் அதில் வராது, நம் சுருதிக்கு ஒத்துவராது என்று. தடை முப்பது வருஷம்போல நீடித்தது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் இசை நாடகம் பார்த்திருப்பீர்கள், ஆர்மோனியம் இல்லாமல் அங்கே திரையே தூக்க முடியாது. அந்தக் கலைஞர்களுக்கு நிலையத்தின் வாசலில் 'உன் வாத்தியம் உள்ளே வரக்கூடாது' என்று எழுதிவைத்தது போலத்தான். சங்கீதத்தைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துத்தான் செய்தார்கள், யாருடைய சங்கீதம் என்று அப்போது யாரும் சத்தமாகக் கேட்கவில்லை.

இப்போது ஒன்று நடக்க வேண்டும். அந்தந்த வட்டார நிலையத்தின் மைக், கலை நடக்கும் இடத்துக்குப் போக வேண்டும். சாமி புறப்பாட்டில் நாதஸ்வரத்தில் வாசிக்கும் மல்லாரியை மயிலாடுதுறைத் தேரடியில், வெடிச் சத்தத்தோடும் கூட்டத்தின் இரைச்சலோடும் பதிவுசெய்து முழுசாகப் போடட்டும். உங்கள் வீட்டிலேயே யாராவது செல்போனிலாவது பதிவுசெய்ய ஆரம்பியுங்கள், நிலையம் வரும்வரை காத்திருக்காதீர்கள்.

இலங்கை வானொலியைப் பற்றி எழுதாமல் உங்கள் பதில் முழுமையாகுமா?
(வாசகர், நுவரெலியா)

ஆகாது ஐயா. 1952-ல் இந்தியாவில் ஒலிபரப்பு அமைச்சரான கேஸ்கர் காலத்தில் சினிமாப் பாட்டு வானொலியில் ஏறக்குறைய இல்லாமலே போனது. தமிழ்நாடு முழுக்க முள்ளைத் திருப்பி இலங்கையைப் பிடித்தது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், பி.எச். அப்துல் ஹமீது என்று அந்தக் குரல்களிடம்தான் எங்களில் பலர் நல்ல தமிழ் உச்சரிப்பைப் படித்தோம். கடைசியில் 1957-ல் இங்கே சினிமாப் பாட்டு போடும் விவித பாரதியைத் தொடங்கித்தான் சமாளிக்க வேண்டியிருந்தது.

ஆனால் உங்கள் மாவட்டத்துக்காரராகிய உங்களிடம் நான் கேட்க ஆசைப்படுவது கொத்மலை சமுதாய வானொலியைப் பற்றி. 1989-ல் தொடங்கிய சின்ன நிலையம். 1990களின் கடைசியில், வீட்டில் கம்ப்யூட்டர் என்பதையே ஊரில் யாரும் பார்க்காத காலத்தில், அங்கே இன்டர்நெட் இணைப்பு வந்தது. மக்கள் கடிதத்தில் கேள்வி எழுதி அனுப்புவார்கள், அறிவிப்பாளர்கள் ஸ்டூடியோவில் உட்கார்ந்து இணையத்தில் தேடி, விஷயம் தெரிந்தவர் ஒருவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒலிபரப்பிலேயே பதில் சொல்வார்கள். கேட்பவருக்கு அந்த இணையத்தின் மொழி தெரிய வேண்டியதில்லை, ஊர் மொழியில் விளக்கம் வந்துவிடும். கரூர் டீச்சருக்கு நான் சொன்ன யோசனைக்கு விதை அங்கிருந்து வந்ததுதான். அந்த நிகழ்ச்சியை நேரில் கேட்டவர் உங்கள் பக்கம் யாராவது இருந்தால் எழுதச் சொல்லுங்கள், இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.

ரேடியோவில் பேச வேண்டும் என்று ஆசை. சிபாரிசு இல்லாமல் முடியுமா?
(கல்லூரி மாணவி, திருநெல்வேலி)

தாராளமாக முடியும் அம்மா. உங்கள் ஊர் நிலையம் 1963-லிருந்து இருக்கிறது. தென்கச்சி கோ. சுவாமிநாதன் அங்கேதான் வானொலி வேலையைத் தொடங்கினார், விவசாயம் படித்தவர், விவசாய நிகழ்ச்சி செய்தவர். பிறகு சென்னைக்குப் போய் 'இன்று ஒரு தகவல்' சொல்ல ஆரம்பித்தபோது ஊரே கேட்டது. வயல்வரப்பில் நிற்பவரிடம் பேசிப் பழகிய வாய் என்பது அந்தப் பேச்சில் தெரியும்.

இளைஞர்களுக்கு 'இளைய பாரதம்' நிகழ்ச்சி இருக்கிறது, அதில் பேச்சு, கவிதை, கலந்துரையாடல் என்று இடம் உண்டு. நிலையத்துக்கு எழுதிக் கேளுங்கள், குரல் தேர்வு எப்போது என்றும் விசாரியுங்கள். எழுதும்போது பத்து நிமிடப் பேச்சுக்கு ஆயிரம் சொல்லுக்குமேல் போகாதீர்கள், ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம் போதும். எழுதியதை வாய்விட்டுப் படித்து போனில் பதிவுசெய்து, பார்க்காமல் கேளுங்கள். எங்கே மூச்சு வாங்குகிறதோ அங்கே வாக்கியத்தை வெட்டுங்கள். உங்கள் நெல்லைத் தமிழை மட்டும் வெட்டிவிடாதீர்கள். சென்னைக் குரல் மாதிரி பேசப் பழகிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பாட்காஸ்ட் வந்துவிட்டதே, அது போதாதா?
(வாசகர், கோயம்புத்தூர்)

நானும் கேட்கிறேன், நல்லதெல்லாம் வருகிறது. ஆனால் அது நாம் தேடிப்போய் எடுப்பது. சிறுவாணித் தண்ணீர் நாளைக்கு வராது என்பதை யாரும் தேடிப்போய்க் கேட்பதில்லை, பாட்டுக்கு நடுவில் தானாகக் காதில் விழ வேண்டும்.

அப்பா 1980களில் ரேடியோவிலிருந்து கேசட்டில் பதிவுசெய்த நாடகங்களும் கச்சேரிகளும் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. என்ன செய்வது?
(வாசகி, புதுச்சேரி)

இந்த வாரமே எடுங்கள், தள்ளிப்போடாதீர்கள். நிலையங்களில் அந்தக் காலத்தில் டேப்பை அழித்து அதன்மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிவுசெய்வது சகஜம், அதனால் உங்கள் அப்பாவின் கேசட்டில் இருப்பது வேறெங்குமே இல்லாமல் இருக்கலாம். முதலில் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், வெள்ளையாகப் படர்ந்திருந்தால் பிளேயரில் போட வேண்டாம், தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்யுங்கள். நன்றாக இருப்பதை ஒருமுறை முழுசாக முன்னும் பின்னும் ஓட்டிவிட்டு, பிளேயரின் ஹெட்டைச் சுத்தம் செய்துகொண்டு, கம்ப்யூட்டரில் வேவ் கோப்பாக ஏற்றுங்கள், எம்.பி. 3 அப்புறம் செய்துகொள்ளலாம். நடுவில் வரும் அறிவிப்பு, மணிச் சத்தம், அப்பா இருமுவது எதையும் வெட்டாதீர்கள். கேசட் அட்டையில் அப்பா எழுதியிருக்கும் தேதியையும் நிலையத்தின் பெயரையும் போட்டோ எடுத்துக் கோப்போடு வையுங்கள். நாடகத்தில் நடித்தவர்கள் யார் என்று அம்மாவுக்குக் குரலை வைத்தே தெரிந்திருக்கும், பக்கத்தில் உட்காரவைத்துக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.